வானச் சொற்களும் ஒரு பரா லைட்டும்

சென்ற மாதம் ஒரு ஞாயிறு முற்பகல், கல்வி அலுவலகத்தின் ஆரம்பப் பிரிவிலிருந்து நிரோஷா என்னும் இளம் உத்தியோகத்தர் உவர்மலையிலுள்ள என் இல்லத்துக்கு வந்தார். கையில் சிறுவர்க்கான ‘வானச் சொற்கள்’ நூலின் பழைய பிரதி ஒன்று இருந்தது. அதனை மறுபதிப்புச் செய்யப் போகிறார்களாம். நூலின் பின்பகுதியில் ‘மனிதர் வானத்துக்கு அனுப்பியவை’ என்றொரு பக்கம் உண்டு. அங்கே விமானம், செய்மதி, ரொக்கட், பட்டம் ஆகியவற்றோடு நான்கு விரல் அகலத்தில் இன்னொரு படமும் இருக்கிறது. சிறு குடையொன்றின் கீழே ஒரு வெளிச்சம் தொங்கும் படம்.

“சேர், இதென்னெண்டு ஒஃபிசில ஒருத்தருக்கும் தெரியேல்ல. பரசூட்டில ஆரோ லாம்பு கட்டி விட்டிருக்கிற மாதிரிக் கிடக்கு. வைக்கிறதோ, எடுக்கிறதோ?” என்று கேட்டார்.

“அது பரா லைட், பிள்ளை” என்றேன். யுத்த கால இரவுகளில் ஆகாயத்தில் ஏற்றிவிடப்படும் வெளிச்சக் குண்டு அது. குடையில் தொங்கியபடி மெல்ல இறங்கி ஊரையே பகலாக்கும். அந்தப் பெயர் தன் தாயாரின் கதைகளில் மட்டும் வரும் என்று நிரோஷா சொன்னார். மறுபதிப்புக் குழு என் எழுத்துமூலமான கருத்தை எதிர்பார்ப்பதாகவும் கூறினார். ஒற்றை வரியில் கருத்துரைக்க நான் விரும்பவில்லை. அந்தப் படம் எவ்வாறு அந்நூலுக்குள் வந்தது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் அதை எடுப்பதும் வைப்பதும் ஒன்றுதான். ஆகவே இதனை எழுதுகிறேன்.

என்னைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. திருகோணமலையின் நல்ல கல்லூரியொன்றில் விஞ்ஞானம் கற்றேன். ஆசிரியர் பயிற்சி பெற்றேன். பல ஆண்டுகள் வகுப்பறையில் நின்றபின், பாடசாலைகளுக்குச் சென்று ஆரம்ப வகுப்பு ஆசிரியர்களுக்கு வழிகாட்டும் ஆசிரிய ஆலோசகரானேன். என் வேலையில் குறை கண்டவர்கள் மிகச் சிலர். என்னிடம் அதனை நேரில் சொன்னவர் ஒருவரே. அவர் என் மேலதிகாரி, உதவிக் கல்விப் பணிப்பாளர் திருமதி மனோன்மணி அவர்கள்.

ஐந்து முதல் ஏழு வயது வரையான பிள்ளைகளுக்கு வானத்தைப் பற்றிய அடிப்படைச் சொற்களைத் தரும் சிறு நூலொன்றை ஆக்கும் பொறுப்பு எங்களுக்கு வந்தபோது, சொற்களைத் தெரிவு செய்யும் பணி என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. இரண்டு வாரங்கள் உழைத்து ஒரு நிரலைத் தயாரித்தேன். பால்வீதி, வால்வெள்ளி, சுற்றுப்பாதை, ஈர்ப்பு எல்லாம் அதில் இருந்தன. அம்மையார் அதனை ஆறுதலாக வாசித்தார். கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தார். அவர் கண்ணாடி துடைக்கத் தொடங்கினால் அறையில் எவரும் பேசுவதில்லை.

“நல்ல தமிழ், மாஸ்டர். இதில நீங்கள் கண்ணால கண்டது எத்தினை?”

“மேடம், ஈர்ப்பை ஆரும் காண ஏலாதுதானே?”

“அப்ப அது கொஞ்சம் பொறுக்கட்டும். பெரிய வகுப்பு வருமட்டும் அது ஓடிப் போகாது.”

அந்த அறையில் சிரித்தவர் ஒருவர்தான். கிண்ணியாவைச் சேர்ந்த சித்திர ஆசிரியர் றஹீம் மாஸ்டர். நூலுக்குப் படங்கள் கீறுவதற்காக எங்களோடு இணைக்கப்பட்டிருந்தார். எதையும் வேடிக்கையாக்கும் அவரது இயல்பை நான் ஆரம்பத்தில் அவ்வளவாக விரும்பவில்லை. ஆயினும் அவர் கைக்கு நிகரான கையை நான் பின்னர் கண்டதில்லை.

அம்மையார் வகுத்த நடைமுறை கடுமையானது. ஒரு சொல்லைப் படத்திலிருந்து கற்பிக்கக் கூடாது. முதலில் பிள்ளை பொருளைக் காண வேண்டும். கண்டதைத் தன் வீட்டுப் பேச்சில் சொல்ல வேண்டும். அதன்பிறகே நாங்கள் நூற்சொல்லைக் கொடுக்கலாம். மறுநாள் அப்பிள்ளை அச்சொல்லை வைத்து இன்னொரு பிள்ளைக்கு எதையாவது சொன்னால் மட்டுமே சொல் தேறியது. இதனை நகரத்தில் ஒரு வகுப்பிலும், குடாவுக்கு அப்பால் மூதூர்ப் பக்கத்தில் சில வகுப்புகளிலும் செய்து பார்க்க வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியமான விதி கடைசியில் இருந்தது. வகுப்பில் சொல் தேறாத ஒரு பிள்ளை மிச்சமிருந்தாலும் அந்தச் சொல் அச்சுக்குப் போகாது.

வகுப்பறைக்குள் நுழையும்போது அவர் செய்வதை இளம் உத்தியோகத்தர்கள் அறிய வேண்டும். வாசலில் செருப்பைக் கழற்றுவார். கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கைப்பைக்குள் வைப்பார். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். “மணி பாக்கிற ஆளுக்குப் பிள்ளையள் கெதியா ஒரு மறுமொழி சொல்லிப்போட்டுத் தப்பிடுங்கள்” என்றார். கதிரையில் அமரமாட்டார். பிள்ளைகளின் வாங்கிலேயே, முழங்கால்கள் நாடிவரை வர, அமர்வார். ஐந்து வயதுப் பிள்ளையையும் ‘நீங்கள்’ என்றே விளிப்பார். அவரது குரல் உயர்ந்து நான் கேட்டதேயில்லை. நான் பல மேலதிகாரிகளின் கீழ் கடமையாற்றியவன். பதவி ஒருவரிடம் இவ்வளவு பாரமில்லாமல் இருந்ததை அவரிடம் மட்டுமே கண்டேன்.

அந்த நடைமுறையின் பெறுமதியை எனக்கு உணர்த்தியது மூதூர் வகுப்பொன்று. நகரத்திலிருந்து லோஞ்சுப் படகில் கொட்டியாரக் குடாவைக் கடந்து போயிருந்தோம். மாலையில் பிள்ளைகள் பிறையைப் பார்த்தார்கள். மறுநாள் றஹீம் மாஸ்டர் தாம் கீறி வைத்திருந்த பிறையைக் காட்டினார். இரு கூர்களும் ஒரு பக்கம் பார்க்க நிமிர்ந்து நிற்கும் அழகிய பிறை. முன்வாங்குப் பிள்ளையொன்று எழுந்தது.

“சேர், இது கொடியில கீறுற பிறை. வானத்துப் பிறை படுத்துக் கிடக்கும். தோணி மாதிரி.”

“ஓம் சேர்!” என்றது வகுப்பு. பின்னாலிருந்து இன்னொரு குரல் வந்தது: “றஹீம் சேர் பிறை பாக்காமலே பெருநாள் எடுக்கிறவர் போல!”

றஹீம் மாஸ்டர் இரு கைகளையும் தலையில் வைத்துக்கொண்டார். “யா அல்லாஹ், இதை மட்டும் எங்கட பள்ளிவாசல்ல போய்ச் சொல்லிப் போடாதீங்கோ” என்று கெஞ்சியபடி, அவர்கள் முன்னிலையிலேயே பிறையைப் படுக்க வைத்தார். நூலின் ஒன்பதாம் பக்கத்தில் இருப்பது அந்தப் பிறைதான். எங்கள் வானத்தில் பிறை அப்படித்தான் கிடக்கும். அன்றுவரை நானும் பிறநாட்டு நூல்களில் வரும் நிமிர்ந்த பிறைகளையே கரும்பலகையில் கீறிவந்தேன், கீறுமாறும் கற்பித்தேன்.

இனி அந்தப் படத்தின் விடயத்துக்கு வருகிறேன்.

கடற்கரையோரக் கிராமங்களிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்கள் கிளிவெட்டிப் பக்கத்தில் முகாமில் தங்கியிருந்த காலம் அது. அக்கம்பக்கத்தில் போர்ச் சத்தங்கள் ஓய்ந்துவிட்டிருந்தன. தறப்பாள் கூரை போட்ட நீண்ட கொட்டிலொன்றில் பாடசாலை நடந்தது. அப்பிள்ளைகளை விட்டுவிட்டு ஒரு நூல் செய்வதற்கு அம்மையார் உடன்படவில்லை. உரியவர்களிடம் அனுமதி பெற்று, கிளிவெட்டியில் ஓர் ஆசிரியர் வீட்டில் தங்கி, அங்கே எங்கள் கடைசிச் சொற்களைச் சோதித்தோம். கடைசிச் சொற்களில் ஒன்று நட்சத்திரம். அதற்கு எவ்விதச் சிரமமும் இருக்காது என்றே நான் கணித்திருந்தேன். நிரலிலேயே மிக இலகுவான சொல் அது.

முதல்நாட் காலையில், இருண்டபின் வானத்தில் என்ன தெரியும் என்று கீறச் சொன்னோம். சந்திரன் வந்தது. முகில் வந்தது. எங்கள் பேச்சில் வெள்ளி என்று சொல்லப்படும் நட்சத்திரங்கள் புள்ளி புள்ளியாக வந்தன. தர்சினி என்னும் ஆறு வயதுப் பிள்ளையின் தாளில் சந்திரனும் ஒரு குடையும் இருந்தன.

“மாஸ்டர், இந்தப் பிள்ளையின்ர வெள்ளிக்கு ஏன் குடை? மழை எண்டோ?” என்று றஹீம் மாஸ்டர் என்னிடம் கேட்டார்.

தர்சினி தாளை இழுத்துக்கொண்டாள். “அது வெள்ளி இல்ல, சேர். பரா லைட்.”

றஹீம் மாஸ்டரின் முகத்திலிருந்த சிரிப்பு போயிற்று. அம்மையார் வாங்கில் அவளருகே நகர்ந்து அமர்ந்தார்.

“அப்ப வெள்ளி எங்க, அம்மா?”

“நான் வெள்ளி பாக்கிறேல்ல, மிஸ்.”

“ஏன்?”

“மேல வெளிச்சம் கண்டா பங்கருக்க போகோணும். இஞ்ச பங்கர் இல்ல.”

பதுங்குகுழியைத்தான் பங்கர் என்றாள். அதனை முறைப்பாடாகச் சொல்லவில்லை. குடை இல்லாவிட்டால் மழையில் போக முடியாது என்று சொல்வதுபோலச் சொன்னாள். அந்த வெளிச்சங்களை எவர் ஏற்றினர் என்பது இக்கட்டுரைக்குத் தேவையில்லாதது. தர்சினிக்கும் அது தேவைப்படவில்லை.

அன்று மாலை பொழுதுபட்டதும் பிள்ளைகளை முற்றத்துக்கு அழைத்தோம். தர்சினி வரவில்லை. கொட்டிலுக்குள் மேசையின் கீழே இருந்தாள். வெளியே பிள்ளைகள் வெள்ளி எண்ணிக் கத்தினார்கள். ஒரு பெடியன் வாசலுக்கு ஓடிவந்து, “தர்சி, வெளிய வா! ஒண்டும் விழாது, பயந்தாங்கொள்ளி!” என்றான். “அப்பிடித்தான் அண்டைக்கும் சொன்னவை” என்று மேசைக்கு அடியிலிருந்து மறுமொழி வந்தது. பெடியன் திரும்பிப் போனான்.

மறுநாட் காலை, தங்கியிருந்த வீட்டு விறாந்தையில் பிளேன்ரீ குடித்தபடி நான் பேச்சை எடுத்தேன்.

“மேடம், அச்சகத்துக்கு இந்தக் கிழமை கொடுக்கோணும். ஒரு பிள்ளையைத் தவிர மற்ற எல்லாரும் கண்டாச்சு, சொல்லியாச்சு. நட்சத்திரத்தைச் சேர்ப்பம்.”

“சேர்க்க ஏலாது, மாஸ்டர்.”

“அப்ப நட்சத்திரம் இல்லாமலோ வானப் புத்தகம் போடுறது?”

“ஓம். இல்லாமப் போகட்டும்.”

றஹீம் மாஸ்டர் கோப்பையை வைத்தார். “எனக்கு நல்ல சுகம். இரவு வானத்துக்குக் கறுப்பு மை பூசிவிட்டாச் சரி. பாக்கிற ஆக்கள் அச்சுப் பிழை எண்டு நினைக்கட்டும்.”

அம்மையார் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார். நாங்கள் இருவரும் அடங்கினோம். அன்று நான் எழுப்பிய கேள்வி நிர்வாக முறைப்படி சரியானது என்பதே இன்றும் என் நிலைப்பாடு. கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவர் சொன்னது இதுதான்: “அந்தப் பிள்ளை பிழையா ஒண்டும் கீறேல்ல. கண்டதைத்தான் கீறினது. எங்கட விதியும் அதுதானே? பரா லைட்டைப் பற்றி எங்கள் மூண்டு பேரையும் விட அவவுக்குத் தெரியும். இண்டைக்கு அவ படிப்பிக்கட்டும்.”

அன்று பின்னேரம் கொட்டிலின் வாசலில் வாங்கைப் போட்டு, தர்சினியையும் அவளது தாயையும் இருத்தினார். தாய் மெலிந்த, அதிகம் பேசாத பெண். றஹீம் மாஸ்டர் கரும்பலகையோடு நின்றார். பரா லைட் எப்படி இருக்கும் என்று தர்சினி சொல்ல, அவர் கீறினார்.

“அப்பிடி இல்ல, சேர். அது நேர இறங்காது. ஆடி ஆடித்தான் இறங்கும்.”

“இப்பிடியோ?”

“இன்னும் ஆடும். புகை மேல போகும், கீழ இல்ல. சேருக்கு ஒண்டும் தெரியாது.”

“இல்லத்தான், தங்கச்சி. மூதூர்ப் பிள்ளையளும் இதைத்தான் சொன்னவை” என்றார் றஹீம் மாஸ்டர். தர்சினி முதன்முறையாகச் சிரித்தாள். எழுந்து போய், வெண்கட்டியை அவர் கையிலிருந்து வாங்கி, புகையைத் தானே கீறினாள்.

“எவ்வளவு நேரம் நிக்கும்?” என்று அம்மையார் கேட்டார்.

அதற்கு அவள் தாயைப் பார்த்தாள். தாய் தலையைக் குனிந்தபடி சொன்னார்: “பங்கருக்க இருக்கேக்க பயப்பிடாம இருக்கட்டுமெண்டு சாமிப் பாட்டொண்டு சொல்லிக் குடுப்பன், மிஸ். பாட்டு முடியிறதுக்கிடையில அது நூந்து அணைஞ்சுபோம். அதுதான் பிள்ளைக்குக் கணக்கு.”

அம்மையார் வெளியே பார்த்தார். பொழுதுபட்டுக் கொண்டிருந்தது. கிழக்கே, பனைகளுக்கு மேலே, ஒரேயொரு நட்சத்திரம் வந்திருந்தது.

“தர்சினி, அங்க ஒரு வெளிச்சம் நிக்குது. அது என்னெண்டு எனக்குச் சொல்ல ஏலாமக் கிடக்கு. நீங்கள் பாத்துச் சொல்லுவீங்களோ? உள்ளுக்கு நிண்டபடியே பாக்கலாம்.”

அவள் தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டு கதவு நிலையருகே வந்தாள். தலையை மட்டும் நீட்டினாள். உடனே உள்ளே இழுத்துக்கொண்டாள். “அம்மா, பாட்டு” என்றாள்.

தாய் மெல்லிய குரலில் தொடங்கினார். பிள்ளையும் சேர்ந்து சொன்னாள். அது நான்கு வரிப் பாட்டு. இங்கே எழுதுவது முறையல்ல, அது அவர்களுடையது. முடிந்ததும் எட்டிப் பார்த்தாள்.

“நிக்குது.”

“ஓம், நிக்குது” என்றார் தாய்.

“திருப்பிச் சொல்லுவம்.”

சொன்னார்கள். மற்றப் பிள்ளைகள் முற்றத்தில் கூடி நின்றார்கள். முதல்நாள் கேலி செய்த பெடியன் தானும் வாயசைத்துக் கொண்டிருந்ததைக் கண்டேன். அந்தப் பாட்டு அவனுக்கும் தெரிந்திருந்தது. தர்சினி இம்முறை தலையை உள்ளே இழுக்கவில்லை. நட்சத்திரத்தைப் பார்த்தபடியே மூன்றாம் தரமும் சொல்லி முடித்தாள்.

“மிஸ், இது ஆடேல்ல. இறங்கவும் இல்ல.”

“பேந்து?”

“நூரவும் இல்ல.” சற்று யோசித்தாள். “இது ஆரும் அடிச்ச வெளிச்சம் இல்ல, மிஸ். இது தானா நிக்கிறது.”

சொல்லிவிட்டுத் தாயின் சேலையை விட்டாள். முற்றத்தில் இறங்கினாள். அம்மையார் அவளோடு போகவில்லை. கதவு நிலையில் சாய்ந்தபடி, கைப்பையைத் திறந்து, மணிக்கூட்டை எடுத்துக் கையில் கட்டிக்கொண்டார். அவர் வேலை முடிந்தது என்பதற்கு அதுவே அடையாளம்.

மறுநாட் காலை தர்சினி ‘நட்சத்திரம்’ என்ற சொல்லைத் தன் தம்பிக்குச் சொல்லிக் காட்டினாள். சொல் தேறியது. அதுமட்டுமன்று. ஆரும் அடிச்ச வெளிச்சம் இல்லை என்ற அவளது பேச்சிலிருந்தே எங்கள் நூலின் அமைப்பு பிறந்தது. தாமாகவே வானத்தில் நிற்பவை முற்பகுதியில், மனிதர் அனுப்பியவை பிற்பகுதியில். நகரப் பிள்ளைகளுக்காக விமானமும் செய்மதியும் அங்கே போயின. பரா லைட்டும் போயிற்று. “அவவுக்கு வானத்தில அது இருந்தது. இல்லையெண்டு புத்தகம் சொல்லக் கூடாது. ஆனா அதுக்குரிய பக்கத்தில இருக்கட்டும்” என்றார் அம்மையார்.

நட்சத்திரத்துக்கு விளக்கம் எழுதும்போது எங்களுக்குள் ஒரு வாதம் நடந்தது. ‘அணையாத வெளிச்சம்’ என்று அம்மையார் எழுதினார். நட்சத்திரங்களும் ஒருகாலத்தில் அணைபவையே என்பதால், விஞ்ஞானம் கற்றவன் என்ற முறையில் என் ஆட்சேபத்தைப் பதிவு செய்தேன். அவர் அதனை உடனே ஏற்று, திருத்தத்தை என்னிடமே விட்டார். ‘நாங்கள் ஒரு பாட்டை மூன்று தரம் பாடி முடித்தாலும் அணையாமல் நிற்கும் வெளிச்சம் நட்சத்திரம்’ என்று திருத்தினேன். என் பெயர் எங்கும் அச்சாகாத அந்த வாக்கியத்தையே என் பணிக்காலத்தின் சிறந்த வாக்கியமாகக் கருதுகிறேன்.

நிரோஷாவின் கேள்விக்கு வருகிறேன். வீட்டிலிருந்தபடி கருத்துச் சொல்லாமல், அம்மையாரின் நடைமுறைப்படியே செய்து பார்ப்போம் என்று அவரிடம் கூறினேன். கடந்த இரு வாரங்களில், நகரத்திலும் மூதூரிலும் கிளிவெட்டியிலும் ஒவ்வொரு வகுப்புக்குப் போனோம். இப்போது லோஞ்சு தேவையில்லை, பாலங்களால் போய்விடலாம். வாசலில் செருப்பையும் மணிக்கூட்டையும் கழற்றினேன். நிரோஷாவும் கழற்றினார். வாங்கில் அமர்வதற்கு மட்டும் என் முழங்கால்கள் இடம் தரவில்லை.

படத்தைப் பிள்ளை பிள்ளையாகக் காட்டினோம். நகரப் பிள்ளைகள் குடை என்றார்கள். மூதூரில் ஒருத்தி, கடலில் குடைபோல மிதக்கும் உயிரியான சொறிமுட்டை என்றாள். கிளிவெட்டியில் ஒருவன் கையை உயர்த்தி, “லைட் பூட்டின பட்டம், சேர்! எங்கட மாமா செய்யிறவர்” என்றான். அவனிடம் நான் ஒரு கேள்வி கேட்டேன்.

“இப்பிடி ஒண்டு இரவில மேலால இறங்கி வந்தா என்ன செய்வீங்கள்?”

“ஓடுவம், சேர்.”

படத்தைக் கீழே வைத்தேன். “எங்க ஓடுவீங்கள்?”

“அது விழுற இடத்துக்கு! முதல் பிடிக்கிற ஆளுக்குத்தானே அது!”

“எனக்கு, எனக்கு” என்று வகுப்பு முழுவதும் எழுந்துவிட்டது. அவர்களை அமர்த்த நிரோஷாவுக்கு வெகுநேரம் பிடித்தது. நான் உதவவில்லை. சன்னலருகே போய் நின்றுகொண்டேன்.

அன்று மாலையே, மட்டக்களப்பில் மகளோடு வசிக்கும் அம்மையாருக்குத் தொலைபேசி எடுத்தேன். வயது அவரது குரலை மெலிய வைத்திருக்கிறது. நடந்ததை முறைப்படி அறிவித்தேன். கண்ணாடி துடைக்கிறார் என்று எண்ணும் அளவுக்கு ஓர் அமைதி.

“எல்லாரையும் கேட்டீங்களோ, மாஸ்டர்? பிள்ளை பிள்ளையா?”

“ஓம், மேடம்.”

“அதைத் தெரிஞ்ச பிள்ளை ஒண்டுகூட மிச்சமில்லையோ?”

“ஒண்டுகூட இல்லை, மேடம்.”

“அப்ப எடுத்து விடுங்கோ” என்றார்.

எடுத்துவிடலாம் என்று எழுதிக் கையொப்பமிட்டிருக்கிறேன். நட்சத்திரத்தின் கீழுள்ள வாக்கியத்தில் ஓர் எழுத்தையும் மாற்ற வேண்டாம்.